விற்பனை உச்சத்தில் இருக்கும்போதே 200 வருசத் துப்பாக்கிக் கம்பெனி திவால்: கணக்கு எங்கே உதைக்குது?

கொழிஞ்சாம்பாறை_முருகு

2022 மே மாசம் கேரள அரசு, காட்டுப்பன்றியைச் சுட உத்தரவு போடுற அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்கள் கையிலேயே கொடுத்துச்சு. அதுக்கப்புறம் பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் லைசென்ஸ் உள்ள பழைய டபுள் பேரல் துப்பாக்கிகளுக்கு மறுபடி மவுசு. அதுல சிலது வெப்ளி அண்ட் ஸ்காட் மாதிரி இங்கிலாந்து பர்மிங்காம் கம்பெனிப் பேர் பொறிச்சது. அந்தக் கம்பெனி 1979லயே துப்பாக்கி செய்யறதை நிறுத்திடுச்சு. துப்பாக்கி மட்டும் இன்னும் வெடிக்குது.

என் கேள்வி ரெமிங்டன் பத்தி. 1816ல ஆரம்பிச்ச அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி. 2018 மார்ச்ல ஒரு திவால் மனு, 2020 ஜூலைல இன்னொண்ணு. அந்த 2020லதான் அமெரிக்காவுல துப்பாக்கி வாங்க நடக்குற பின்னணிச் சோதனை 3.97 கோடியைத் தொட்டுச்சு. அதுவரைக்கும் அப்படி ஒரு வருசம் கிடையாது. வாங்க ஆள் வரிசையில நிக்கும்போது கம்பெனி எப்படிங்க படுக்கும்? ரெமிங்டன் குழுமத்து ரைஃபிளால நடந்த சாண்டி ஹூக் பள்ளிக்கூடத் துப்பாக்கிச்சூட்டுக் கேஸ்தான் காரணம்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். அது சரியா?

---

வேலந்தாவளம்_ஆடிட்டர்

அடிச்சுச் சொல்ற அளவுக்கு இல்லைங்க தம்பி. சாண்டி ஹூக் கேஸ் 7.3 கோடி டாலருக்கு முடிஞ்சது 2022 பிப்ரவரியில. பணம் கொடுத்தது இன்சூரன்ஸ் கம்பெனிகள். அதுக்கு ஒண்ணரை வருசம் முன்னாடியே ரெமிங்டனைத் துண்டு துண்டா ஏலம் விட்டாச்சு. ஆனா கேஸுக்குச் சம்பந்தமே இல்லைன்னும் சொல்ல முடியாது. 2012 டிசம்பர்ல அந்தச் சம்பவம் நடந்த நாலே நாள்ல, முதலாளியான செர்பெரஸ், ரெமிங்டன் குழுமத்தை விக்கப் போறோம்னு அறிவிச்சாங்க. வாங்க ஆள் வரலை. முதலாளி வெளியேற வழி அடைபட்டதுதான் அந்தச் சம்பவம் பண்ணின வேலை.

கொன்னது கடன். செர்பெரஸ்ங்கிறது முதலீட்டு நிதி நிறுவனம். 2007ல ரெமிங்டனை வாங்கினப்போ கையில இருந்து போட்டது 11.8 கோடி டாலர். கம்பெனி மேல ஏற்கெனவே இருந்த 25 கோடிச் சொச்சம் கடனையும் ஏத்துக்கிட்டாங்க. புஷ்மாஸ்டர், மார்லின், இன்னும் சில பிராண்டுகளைச் சேர்த்து ஃப்ரீடம் குரூப்னு பேர் வெச்சாங்க. 2010ல மேல இருக்கிற ஹோல்டிங் கம்பெனி பேர்ல 22.5 கோடி டாலர் கடன் வாங்கி, அதுல பெரும்பகுதியைச் செர்பெரஸ்கிட்ட இருந்து பங்கைத் திரும்ப வாங்கறதுக்குக் கொடுத்தாங்க. அதாவது போட்ட முதல் திரும்பி வந்துடுச்சு. 2012ல அந்தக் கடனை அடைக்க, கீழ இருக்கிற ரெமிங்டன் பேர்லயே புதுக் கடன். இந்தக் காசுல ஒரு மெஷினும் வரலை, ஒரு கொட்டகையும் எழும்பலை. வட்டி மட்டும் ரெமிங்டனோட இலியன் ஃபேக்டரியில வேலை செய்யறவன் சம்பாதிச்சுக் கட்டணும்.

இப்ப விற்பனையைப் பாருங்க:

2013: சுமார் 127 கோடி டாலர்
2014: சுமார் 94 கோடி
2016: 86.5 கோடி
2017: 60.3 கோடி

நாலு வருசத்துல பாதிக்கும் கீழ. 2018 மனு போடும்போது கடன் சுமார் 95 கோடி. பேச்சுக்கு 8 சதவீத வட்டின்னு வெச்சாக்கூட வருசத்துக்கு 7.6 கோடி. 60 கோடி விற்பனையில 12 சதவீதம் நடப்பு லாபம், அதாவது வட்டி கட்டறதுக்கு முந்தின லாபம், நின்னா 7.2 கோடி. அசல்ல ஒரு பைசா அடைக்கறதுக்கு முன்னாடியே துண்டு விழுது.

விற்பனை ஏன் இப்படி ஏறி இறங்குது? துப்பாக்கி தேய்ஞ்சு போற சரக்கு இல்லை. எண்ணெய் காட்டி வெச்சா பேரன் காலம் வரைக்கும் ஓடும். நீங்க சொன்ன டபுள் பேரலே சாட்சி. அதனால அங்க பலர் வாங்கறது தேவைக்கு இல்லை, சட்டம் இறுகிடும்ங்கிற பயத்துல. சாண்டி ஹூக்குக்கு அப்புறம் 2013ல அந்தப் பயம் உச்சம். 2016 நவம்பர்ல ட்ரம்ப் ஜெயிச்சதும் பயம் போச்சு. டீலர் கடைகள்ல தேர்தலை நம்பி வாங்கி அடுக்கின ஸ்டாக் அப்படியே நின்னுது. அது கரையற வரைக்கும் ஃபேக்டரிக்குப் புது ஆர்டர் வராது. இப்படி ஆடுற வியாபாரத்துக்கு ஆடாத வட்டியைக் கட்டிவிட்டதுதான் தப்பு.

ரூகர்னு இன்னொரு துப்பாக்கிக் கம்பெனி: இதே நாடு, இதே பயம், இதே சரிவு. படுக்கலை. பெருசா கடன் கிடையாது. டிவிடெண்ட் கூட நிலையான தொகை இல்லை; அந்தக் காலாண்டு லாபத்துல சுமார் 40 சதவீதம். லாபம் குறைஞ்சா டிவிடெண்டும் தானா குறையும்.

---

கஞ்சிக்கோடு_டூல்ரூம்

ஆடிட்டர் அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனா சரக்கு நல்லா இருந்திருந்தா 127 கோடி 60 ஆகியிருக்காது. ஷாப் ஃப்ளோர்ல நடந்ததையும் சொல்லணும்.

மார்லினை எடுத்துக்கோங்க. லீவர் ரைஃபிளுக்குப் பேர் போன கம்பெனி. ரெமிங்டன் கைக்கு வந்ததும், செலவைக் குறைக்கறோம்னு 2011ல நார்த் ஹேவன் ஃபேக்டரியை மூடி, மெஷினை எல்லாம் லாரியில ஏத்தி இலியனுக்குக் கொண்டு போனாங்க. மெஷின் பல பத்து வருசம் ஓடித் தேய்ஞ்சது. டிராயிங்ல இருக்கிற அளவும் உண்மையா ஓடிக்கிட்டிருந்த அளவும் வேற வேற. ஸ்லைடு எந்தப் பக்கம் ஆடும், எத்தனை பீஸுக்கு ஒருக்கா ஆஃப்செட் (மெஷினோட அளவுத் திருத்தம்) மாத்தணும், ரிசீவருக்கும் (பேரல் பொருந்துற இரும்பு உடல்) கட்டைக்கும் நடுவுல எங்க அரம் போடணும்னு அந்த ஊர் ஆளுங்களுக்குத்தான் தெரியும். அவங்களை வீட்டுக்கு அனுப்பியாச்சு. நம்ம பக்கத்துல பழைய மெஷினை ஆபரேட்டர் இல்லாம வாங்கி முழிக்கிற எல்லா ஒர்க்‌ஷாப்புக்கும் இந்தக் கதை தெரியும்.

விளைவு: குறி பார்க்கிற முன் சைட் ஒரு பக்கம் சாய்ஞ்சு வந்தது, கட்டைக்கும் இரும்புக்கும் நடுவுல இடைவெளி, தோட்டா ஏறும்போது சிக்கறது. பேரல்ல பழைய ஃபேக்டரியோட 'ஜேஎம்' முத்திரை இருக்கிறதைத் தேடிப் பழைய மார்லினுக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆரம்பிச்சாங்க. ஒரு கம்பெனியோட புதுச் சரக்கு, அதே கம்பெனியோட பழைய சரக்குகிட்டயே தோத்தா டீலர் புதுசுக்கு ஏன் ஆர்டர் போடறான்?

அடுத்தது ரீகால். 2014 ஏப்ரல்ல மாடல் 700 ரைஃபிளோட எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகரைத் திரும்பக் கூப்பிட்டாங்க. அசெம்பிளியில போடற ஒட்டுப் பசை அளவுக்கு மேல போயிருந்தது. அதனால ட்ரிகரைத் தொடாமலே வெடிக்க வாய்ப்பு. அதுக்கு முன்னாடி இருந்த வாக்கர் ட்ரிகர் மேல ஏற்கெனவே வருசக்கணக்கா வழக்கு. அதுல 'கனெக்டர்'னு தனியா ஒரு சின்னத் தகடு இருக்கும். தூசியோ காய்ஞ்ச எண்ணெயோ போய் அது சரியா உக்காரலைன்னா, சேஃப்டியை எடுக்கும்போதே வெடிச்சுடும்ங்கிறதுதான் குற்றச்சாட்டு. அதே 2014ல ஆர்51 கைத்துப்பாக்கி: சந்தைக்கு வந்த சில மாசத்துலயே திரும்பக் கூப்பிட்டு, 2016லதான் மறுபடி வந்தது. ரெண்டு வருசம் போட்டிக்காரங்க சும்மா இருப்பாங்களா?

இது ரெமிங்டனுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. வின்செஸ்டர் கம்பெனி 1964ல மில்லிங் (இரும்பைச் செதுக்கி எடுக்கிற வேலை) செலவைக் குறைக்க மாடல் 70 ரைஃபிளை மாத்தினாங்க. தோட்டாவைப் பின்னால இருந்தே கவ்வி இழுக்கிற நீளமான எக்ஸ்ட்ராக்டர் போச்சு; கட்டையில பிடிமானத்துக்குக் கையால வெட்டின செக்கரிங் கோடு போய், அச்சுல அழுத்தின கோடு வந்தது. மாடல் 94ல தோட்டாவைத் தூக்கற லிஃப்டர் தகட்டுல அடிச்சு வந்தது. அன்னைக்கு ஒரு ரைஃபிளுக்குச் சில டாலர் மிச்சம். 'அறுபத்திநாலுக்கு முந்தியது'ன்னு பழசுக்கு இன்னைக்கு வரைக்கும் தனி விலை. ஃபேக்டரி 1981ல கைமாறி, வாங்கின கம்பெனி 1986ல திவாலாகி, நியூ ஹேவன் ஆலை 2006ல பூட்டு.

செலவைக் குறைச்சதே தப்புன்னு சொல்லலை. ரூகரும் மில்லிங்கைக் குறைச்சாங்க. ஆனா ரிசீவரை இன்வெஸ்ட்மெண்ட் காஸ்டிங்ல (மெழுகு மாதிரி வெச்சு வார்க்கற முறை) ஊத்தி எடுக்கிற மாதிரி முதல்லயே டிசைன் பண்ணினாங்க. கோயம்புத்தூர் ஃபவுண்டரி ஆளுங்களைக் கேளுங்க: காஸ்டிங்குக்குன்னு வரைஞ்ச பாகம் வேற, மில்லிங்குக்கு வரைஞ்சதைப் பாதியில தகடா மாத்தறது வேற.

---

கொழிஞ்சாம்பாறை_முருகு

நன்றிங்கண்ணா ரெண்டு பேருக்கும். அப்போ கோல்ட் (Colt) துப்பாக்கிக் கம்பெனி? அவங்களுக்கு அமெரிக்க ராணுவமே வாடிக்கையாளர். அரசு ஆர்டர் இருந்தா பயப்பட வேண்டியதில்லைன்னு நினைச்சேன். நம்ம திருச்சி அரசுத் துப்பாக்கி ஃபேக்டரிக்கும் இது பொருந்துமா?

---

நகரி_எல்லைக்கல்

அரசு ஆர்டரை நம்பிய துப்பாக்கி நிறுவனங்கள் ஆர்டர் நிற்கும் நாளில் சரிவது 19ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. பர்மிங்காம் துப்பாக்கிக் கைவினைஞர்கள் கூடி 1861இல் தொடங்கிய பிஎஸ்ஏ, ராணுவ ஆர்டர் இல்லாமல் 1879இல் ஆலையை ஓராண்டு மூடியது. பிறகு சைக்கிள் பக்கம் போய்ப் பிழைத்தது. முதல் உலகப் போருக்காக ஆலையை ஊதிப் பெருக்கிய வின்செஸ்டர், போர் முடிந்ததும் அந்த இடத்தையும் ஆட்களையும் என்ன செய்வது என்று தெரியாமல் சறுக்குச் சக்கரம், கத்தி, ஐஸ் பெட்டி என்று ஏதேதோ செய்து 1931இல் நொடித்தது.

கோல்ட் விஷயத்தில் மூன்று அடிகள். முதல் அடி 1986 ஜனவரியில் தொடங்கி நான்கு ஆண்டுக்கு மேல் நீண்ட வேலைநிறுத்தம். பழகிய கைகள் வெளியே நிற்க, 1988இல் எம்16 ராணுவ ரைஃபிள் ஆர்டர் பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனத்துக்குப் போனது. 1992இல் முதல் திவால் மனு.

இரண்டாவது, எம்16ஐ விடக் குட்டையான எம்4 ராணுவத் துப்பாக்கி. அதன் வரைபடத் தொகுப்பின் உரிமை கோல்ட்டிடம் இருந்ததால் 2009 வரை ராணுவம் வேறு யாரிடமும் வாங்க முடியவில்லை. உரிமம் முடிந்து டெண்டர் திறந்தபோது, 2013இல் அதையும் எஃப்என் அள்ளியது. ராணுவ வேலை மும்முரமாக இருந்த ஆண்டுகளில் கோல்ட் சாதாரண வாடிக்கையாளரைக் கவனிக்கவில்லை. பைத்தான் ரிவால்வரைக் கூட நிறுத்திவிட்டார்கள். 2020இல் அதை மறுபடி கொண்டுவந்தபோதுதான் அதற்கு எவ்வளவு கிராக்கி இருந்தது என்று தெரிந்தது. எம்16இன் பொதுமக்கள் வடிவமான ஏஆர்-15இன் காப்புரிமை எப்போதோ காலாவதியாகி, அதே துப்பாக்கியைப் பல நிறுவனங்கள் செய்துகொண்டிருந்தன. ராணுவ வாசல் மூடியபோது கடைவாசலில் இடம் இல்லை.

மூன்றாவது, ஆடிட்டர் ஐயா சொன்ன அதே வட்டி. 2009இல் 25 கோடி டாலருக்கு 8.75 சதவீதக் கடன் பத்திரம். ஆண்டுக்கு ஏறக்குறைய 2.19 கோடி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதி. 2014 நவம்பர் தவணைக்குப் புதிதாக 7 கோடி கடன் வாங்கினார்கள். அடுத்த மே தவணை கட்டவில்லை. 2015 ஜூனில் மனு. வட்டி கட்டக் கடன் வாங்கிய அன்றே கதை முடிந்தது. நீதிமன்றத் தேதி வெறும் சம்பிரதாயம். 2021இல் செக் நாட்டு சிஇசட் குழுமம் வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

திருச்சிக்கு இதே கணக்கைப் போட வேண்டாம். முதலாளி அரசு, இப்படிக் கடன் ஏற்றிப் பணத்தை உருவிக்கொள்ளும் ஆள் இல்லை. 2021 அக்டோபர் 1இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்து, திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை கான்பூரில் தலைமையகம் உள்ள நிறுவனத்தின் கீழ் போனது. நிலுவையில் இருந்த ஆர்டர்களை ஒப்பந்தமாக மாற்றிக் கொடுத்தார்கள். அவை தீர்ந்த பிறகு டெண்டரில் தனியாரோடு நிற்க வேண்டும். அங்கே கவனிக்க வேண்டியது கோல்ட்டின் இரண்டாவது அடி மட்டும்தான்.

---

வேலந்தாவளம்_ஆடிட்டர்

டூல்ரூம் தம்பிக்கு ஒண்ணு. மார்லின் மெஷினை லாரியில ஏத்தினதே எதுக்கு? ரெண்டு ஃபேக்டரிச் செலவை ஒண்ணாக்கி வட்டிக்கு வழி பண்ணத்தான். தரம் கெட்டது தனி நோய் இல்லை, இதோட மறு முகம். உங்க வின்செஸ்டர் 1964 வேணா தனி.

முருகு, எந்தத் துப்பாக்கிக் கம்பெனி ஆண்டறிக்கையைப் பார்த்தாலும் முதல்ல நடப்பு லாபத்தை வட்டியால வகுங்க. நல்ல வருசத்துலயே ரெண்டுக்குக் கீழ வந்தா, கெட்ட வருசம் தாங்காது. அப்புறம் கடன் வாங்கின காசு எங்க போச்சுன்னு காசோட்ட அறிக்கையில பாருங்க: மெஷினுக்கா, முதலாளிக்கா. கையிருப்புச் சரக்கு விற்பனையை விட வேகமா ஏறினா டீலர் வாங்கலைன்னு அர்த்தம். ஒரே வாடிக்கையாளர் பங்கு எவ்வளவுன்னு குறிப்புகள்ல பொடி எழுத்துல இருக்கும், அதை விட்டுடாதீங்க.

2020 கேள்விக்கும் பதில் இதுலயே இருக்கு. 2018ல சுமார் 77 கோடி கடனைத் தள்ளி, கடன் கொடுத்தவங்களே முதலாளி ஆனாங்க. ஆனா நடைமுறை முதல் இல்லை. ஒருக்கா மனு போட்ட கம்பெனிக்கு இரும்பு கொடுக்கிறவன் முன்பணம் கேப்பான். கூட்டம் வரிசையில நின்னாலும் சரக்கு செய்யக் காசு வேணுமில்ல? ஏலத்துல தோட்டாப் பிரிவு 8.14 கோடிக்கும், மார்லின் சுமார் 3 கோடிக்கு ரூகருக்கும் போச்சு. 200 வருசத்து ரெமிங்டன் துப்பாக்கிப் பிரிவு 1.3 கோடிதான். இலியன் ஆலையும் 2024 மார்ச்ல மூடியாச்சு.

---

கொழிஞ்சாம்பாறை_முருகு

கடைசியா ஒண்ணு. கம்பெனி கைமாறினா பழைய துப்பாக்கிக்குப் பாகம், வாரண்டி கிடைக்குமா? வெப்ளி பேர்ல உத்தரப் பிரதேசத்துல இப்போ செய்யறாங்களாமே.

---

கஞ்சிக்கோடு_டூல்ரூம்

ஏலத்துல சொத்தா வாங்கினவன் பிராண்டு, மெஷின், டிராயிங் வாங்குவான். பழைய வாரண்டியைப் பொதுவா ஏத்துக்க மாட்டான். வெப்ளி பேர்ல சண்டீலாவுல வர்றது புது உற்பத்தி. பழைய பர்மிங்காம் டபுள் பேரலுக்கு அதோட பாகம் அப்படியே உக்காராது. அந்தக் காலத்து எக்ஸ்ட்ராக்டர், ஃபயரிங் பின், வி-ஸ்பிரிங் எல்லாம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி அரம் போட்டுப் பொருத்தினது. லைசென்ஸ் உள்ள ரிப்பேர் கடையில பழைய பாகத்தையும் கூடக் கொடுத்து, அதை அளவு வெச்சுப் புதுசு செய்யச் சொல்லுங்க. பேரல் பூட்டுற இடத்துல ஆட்டம் இருந்தா ஸ்பிரிங் மாத்திப் பிரயோசனமில்லை, முதல்ல அதைப் பார்க்கச் சொல்லுங்க.