பழைய வண்டிக்கு ஹெட்லைட் ரிலே: தேவைதானா?

மஞ்சக்குப்பத்தான்:
போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, 2012-இல் வாங்கிய என் 350 சிசி வண்டியின் ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டு முடித்தேன். சுவிட்ச் சொன்னதும் பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்னப் பெட்டிதான் ரிலே. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. மொத்தச் செலவு 380 ரூபாய். வாரத்தில் ஐந்து நாள் இரவு ஒன்பதுக்கு மேல் புதுச்சேரியிலிருந்து கடலூர் திரும்புகிறவன் நான். கிருமாம்பாக்கம் தாண்டி எதிரே பஸ் வந்தால், என் விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இன்ஜின் ஓடும்போது அளந்தேன்: பேட்டரியில் 13.6 வோல்ட், பல்பில் 12.1. இடையில் ஒன்றரை வோல்ட்டை சுவிட்சும் மெல்லிய வயரும் தின்றுவிடுகின்றன. ஹாலஜன் பல்புக்கு மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். இப்போது 13.3 வருகிறது. பல்பு அதே 60/55 வாட்தான் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55). படம் இணைத்திருக்கிறேன்.

உப்புக்காற்று:
தம்பி, முப்பது வருடம் இதே ஊரில் வண்டி வயரிங் பார்த்தவன் சொல்கிறேன். தூர்ந்த வாய்க்காலைத் தூர் வாராமல் பக்கத்தில் புது வாய்க்கால் வெட்டியிருக்கிறீர்கள். தேவனாம்பட்டினத்துப் பக்கம் நிற்கும் எந்த வண்டியின் சுவிட்சைத் திறந்தாலும் செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். 2015 வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். களிம்பைச் சுரண்டி, துடைத்து, கொஞ்சம் வேசலின் தடவினால் வேலை முடிந்தது. செலவு பத்து ரூபாய்கூட ஆகாது. ரிலே போட்டதால் உப்பு ஏறுவதற்கு எட்டு புது இணைப்புகளைக் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கெடிலக்கரை:
இரண்டும் பழங்காலத்து வைத்தியம். எல்.இ.டி. பல்பு ஒன்றை வாங்கிச் சொருகுங்கள். மின்சாரமும் மிச்சம், வெளிச்சமும் பால் போல இருக்கும். நான் மாட்டி ஆறு மாதம் ஆகிறது.

மஞ்சக்குப்பத்தான்:
உங்களுக்குப் பால், எதிரே வருகிறவருக்குக் கண்கட்டு. ஹாலஜன் பல்பின் டிம் இழைக்குக் கீழே சின்னதாக ஒரு தகட்டுக் கிண்ணம் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? வெளிச்சம் மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். அந்த இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுத்தான் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழிவை வார்த்திருக்கிறார்கள். ஒளி வேறு இடத்திலிருந்து கிளம்பினால் கணக்கு தப்பி, பாலத்தில் எதிரே வரும் சைக்கிள்காரர் முகத்தில் அடிக்கும். தினமும் அடி வாங்குகிறவன் என்பதால் சொல்கிறேன்.

உப்புக்காற்று ஐயாவுக்கு: 55 வாட் என்றால் ஏறக்குறைய நாலரை ஆம்பியர். அத்தனையும் விரல் நுனி அளவு சுவிட்ச் வழியாகப் போகவேண்டுமா? ரிலே இருந்தால் சுவிட்சுக்கு அதன் சுருளை இயக்கும் சிறு மின்சாரம் போதும்.

ஆல்பேட்டைக்காரர்:
சட்டம் தெரிந்துதான் செய்தீர்களா? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்திருக்கிறது.

மஞ்சக்குப்பத்தான்:
பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத்தான் அந்தப் பிரிவு தடுக்கிறது. சான்றிதழில் வயரின் தடிமனா எழுதியிருக்கிறது?

ஆல்பேட்டைக்காரர்:
இன்று வயர். ரிலே தாங்கும் என்று தெரிந்தவர் நாளைக்கு 100/90 வாட் பல்பு வாங்குவார். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

உப்புக்காற்று:
சட்டத்தை விடுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபியூஸ் ஹெட்லைட் கூண்டுக்குள் ரிலேயை ஒட்டி இருக்கிறது. அப்படியானால் பேட்டரியிலிருந்து அதுவரை வரும் வயருக்கு யார் காவல்? ஹேண்டில் திரும்பும் கழுத்தில் அது உராய்ந்து இரும்பில் பட்டால் ஃபியூஸ் போகாது, வயர்தான் பற்றும். பெட்ரோல் டேங்க் அதற்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இன்று இரவு வண்டியை எடுக்காதீர்கள்.

கெடிலக்கரை:
இதற்குத்தான் சொன்னேன், பல்பைச் சொருகினால் போதும் என்று.

மஞ்சக்குப்பத்தான்:
நேற்று பஸ்ஸில் போய் வந்தேன். காலையில் டேங்கைக் கழற்றினேன். ஐயா சொன்ன அதே கழுத்தில், சுண்டுவிரல் நக அளவுக்கு வயரின் தோல் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. செம்பு தெரியவில்லை, ஆனால் வயர் போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. புது வயர் இழுத்து, அதற்கு ரப்பர் உறை போட்டு, கழுத்தில் கொஞ்சம் தொங்கல் விட்டுக் கட்டினேன். 15 ஆம்பியர் ஃபியூஸ் இப்போது பேட்டரியிலிருந்து நான்கு விரல் தூரத்தில்.

கையோடு ரிலேயை விலக்கிவிட்டு, சுவிட்சை மட்டும் துடைத்து அளந்தேன். களிம்பு பாசி மாதிரி வந்தது. 12.1 இருந்த இடத்தில் 12.8. வித்தியாசம் பார்த்தால், பாதி வியாதி சுவிட்சில்தான். மீதி அரை வோல்ட்டுக்கு ரிலேயை மறுபடி மாட்டிவிட்டேன். அதைக் கழற்றுவதாக இல்லை.

உப்புக்காற்று:
மாட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ரிலேக்காகப் புது எர்த், அதாவது பல்பிலிருந்து மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, இழுத்திருப்பீர்கள். அளப்பதற்கு முன் பழைய எர்த் போல்ட்டையும் சுரண்டினீர்களா?

மஞ்சக்குப்பத்தான்:
இல்லை. டேங்கை இப்போதுதான் திரும்ப மாட்டினேன்.