மஞ்சள் நூல் பாசி நிறமாகிவிட்டது, கலர் பிரிசர்வர் பூசியும் ஏன்?

கொடுவா பைத்தியம் (சென்னை)

முதல் முறையாகச் சொந்தமாக மீன்பிடி ராட் (தூண்டில் கோல்) கட்டுகிறேன். முட்டுக்காட்டில் கொடுவா மீனுக்கு ஏழடி ஸ்பின்னிங் ராட். கறுப்பு கிராஃபைட் பிளாங்க் (வெறும் கோல்), நுனியில் இருக்கிற டிப்பைத் தவிர ஏழு கைடு (லைன் ஓடும் வளையம்). கைடின் காலைப் பிளாங்கோடு சேர்த்துச் சுற்றிய நூல் ஏ சைஸ் சாதா நைலான், நல்ல எலுமிச்சை மஞ்சள். ஓரத்தில் கறுப்பில் நாலு சுற்று. சுற்றி முடித்த அன்று வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். கண் பட்டுவிட்டதோ என்னவோ.

மேலே எபாக்சி போடும்போது நூலின் நிறம் கெடாமல் இருக்கக் கலர் பிரிசர்வர் (சிபி) பூச வேண்டும் என்று தெரியும். நான் வாங்கியது தண்ணீர் வகை, பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். சின்ன பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்தேன். அரை மணியில் வெள்ளை போய்த் தெளிந்துவிட்டது, தொட்டால் ஒட்டவில்லை. இரண்டு மணி நேரம் பொறுத்து எபாக்சி போட்டேன். ரெசினும் ஹார்டனரும் சிரிஞ்சில் தலா 3 மில்லி, அளவு தப்பவில்லை. ராடைச் சுற்றவிட்டது பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டு மோட்டார்.

எபாக்சி பட்ட கொஞ்ச நேரத்திலேயே ஒரு பக்கம் பாசி பிடித்த மாதிரி பச்சையும் பழுப்புமாக மாறிவிட்டது. சில இடத்தில் மஞ்சள் அப்படியே இருக்கிறது. கடைசி மூன்று கைடில் மட்டும் பனி படர்ந்த மாதிரி ஒரு மங்கல். சிபி பழைய சரக்கா? மேலே இன்னொரு முறை சிபி பூசினால் சரியாகுமா?

ஆற்றங்கரை

ப்ரோ, சரியாகாது. எபாக்சி இறங்கிய நூலுக்கு மேலே எதைப் பூசியும் பயனில்லை. வெள்ளை வேட்டி நனைந்தால் உள்ளே இருப்பது தெரியுமே, அதே கதைதான். இழைகளுக்கு நடுவே காற்று இருக்கும்வரை நூலுக்கு நிறம். எபாக்சி அந்தக் காற்றைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் நைலான் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அடியில் இருக்கிற கறுப்பு பிளாங்க் எட்டிப் பார்க்கும். மஞ்சளுக்குக் கீழே கறுப்பு என்றால் பாசி நிறம்தான் வரும். கருநீலமோ மெரூனோ எடுத்திருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது. மஞ்சள், வெள்ளை, ரோஸ் மூன்றும்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

நூல்கண்டு

தம்பி, சிபியைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி. பாசி நிறம் திட்டுத் திட்டாக இருக்கிறதா, இல்லை ராடின் நீளவாக்கில் கோடு மாதிரியா? எந்தப் பக்கம்? அப்புறம், அந்த மங்கல் விழுந்த மூன்று கைடுக்கு எப்போது சிபி பூசினீர்கள்?

கொடுவா பைத்தியம்

அக்கா, இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கோடுதான். கைடு இருக்கிற பக்கம் நன்றாக இருக்கிறது, அதற்கு எதிர்ப்பக்கம் எல்லாச் சுற்றிலும் ஒரே நேராகக் கோடு விழுந்திருக்கிறது. கைடின் கால் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் உண்டு. மங்கலான மூன்றுக்கும் அன்று சாயங்காலம் பூசினேன், வெளியே நல்ல மழை. மற்றவற்றுக்கு மதியமே பூசிவிட்டேன்.

நூல்கண்டு

அப்படியென்றால் உங்களுக்கு வந்திருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு.

கோடு ஏன் என்றால், ராடை ஸ்டாண்டில் வைத்து மேலிருந்து பூசியிருக்கிறீர்கள். அடிப்பக்கத்துக்குச் சிபி போதுமான அளவு போகவில்லை. எல்லோரும் முதலில் செய்கிற தப்பு இது. சிபியைப் பெயின்ட் மாதிரி நினைத்து மெல்லிசாகத் தடவுகிறோம். அதற்கு வேலை நூலின் மேல் இல்லை, உள்ளே. காய்ந்த மண்ணில் தண்ணீர் விடுகிற மாதிரி நூல் குடிக்கக் குடிக்கக் கொடுக்க வேண்டும். ராடைக் கையால் மெதுவாக உருட்டிக்கொண்டே நன்றாக நனையும்படி பூசுங்கள். நாலைந்து நிமிடம் ஊறட்டும். அதன்பிறகு மேலே நிற்பதை உலர்ந்த பிரஷ்ஷாலோ டிஷ்யூவாலோ ஒற்றி எடுத்துவிடுங்கள். தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். மேலே தேங்கவிட்டால் காய்ந்தபின் மேடுமேடாக நிற்கும், எபாக்சி அதை மறைக்காது, பளிச்சென்று காட்டும். இப்படி மூன்று முறை. இரண்டு பூச்சுக்கு நடுவில் ஒரு மணி நேரமாவது விடுவேன்.

மங்கல் ஏன் என்றால் ஈரம். மேல் தோல் காய்ந்து தெளிந்துவிடும், அடியில் தண்ணீர் இருக்கும். அதன் மேல் எபாக்சியைப் போட்டு மூடினால் அந்த ஈரம் எங்கே போகும்? கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு முழு நாள் விட வேண்டும். சென்னை மழைக்காலத்தில் நான் இரண்டு நாள் ஃபேனுக்குக் கீழே போட்டுவிடுவேன். வெயிலில் வைத்து அவசரப்படுத்த வேண்டாம், மேலே மட்டும் சீக்கிரம் இறுகிக்கொள்ளும்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். எபாக்சியில் சின்னச் சின்னக் குழி விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் அது எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு நூலை நெருக்கித் தேய்க்கிற வழக்கம் என் வீட்டிலேயே உண்டு.

கொடுவா பைத்தியம்

அக்கா, இரண்டு கைடில் குழி இருக்கிறது. காற்றுக் குமிழி உடைந்த தடம் என்று நினைத்தேன். எண்ணெய் பற்றி எதுவும் சொல்ல விரும்பவில்லை.

ஜொகூர் பாரு

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இங்கே நாங்கள் தோமான் மீனுக்கு ராட் கட்டுகிறோம். அழகுக்காக மூன்று தடவை சிபி பூசிய ராட் ஒன்றில் ஒரே சீசனில் பெரிய கைடு திருகிக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் நூல் அப்படியே குழாய் மாதிரி கழன்று வருகிறது. எபாக்சி உள்ளே போகக் கூடாது என்று தடுத்துவிட்டோம், சரி. அப்புறம் கைடின் காலைப் பிளாங்கோடு ஒட்டவைப்பது யார்? சிபி நிறத்தைக் காப்பாற்றும், பிடிப்பைக் குறைக்கும். அதனால் கனமான ராடுக்கு நான் சிபி தொடுவதே இல்லை. நிறம் வேண்டுமென்றால் என்சிபி நூல் வாங்குங்கள், சிபி இல்லாமலே நிறம் நிற்கும்படி தயாரித்த நூல். பளபளப்பு கொஞ்சம் குறைவு, பிளாஸ்டிக் மாதிரித் தெரியும் என்று சிலர் குறை சொல்வார்கள். மெட்டாலிக் நூலுக்கும் சிபி வேண்டாம்.

நூல்கண்டு

அண்ணே சொல்வது கனமான ராடுக்கு முழுக்க உண்மை. ஏழடி கொடுவா ராடுக்கு நான் இரண்டுக்கும் நடுவில் நிற்பேன். கைடின் கால் இரண்டு ஓரத்திலும் நூலுக்கும் பிளாங்குக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும், பார்த்திருப்பீர்கள். சிபி போய் அந்தச் சந்தின் வாயை அடைத்துவிட்டால்தான் ஆபத்து. அங்கே தேங்கினால் வெள்ளையாகவே நின்றும் விடும், பல நாள் காயாது. டிஷ்யூவைத் திரி மாதிரி முறுக்கி வாயில் வைத்து உறிஞ்சி எடுங்கள். எபாக்சி போடும்போது முதல் சொட்டை அந்த வாயில் வையுங்கள், அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். கால் பிளாங்கோடு ஒட்டிக்கொள்ளும், மேலே மஞ்சளும் நிற்கும்.

ஜொகூர் பாரு

ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ரீலுக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் கைடு உயரமானது. காரில் ஏற்றி இறக்கும்போது இடிபடுவது அதுதான், திருகுவதும் அதுதான். அதை மட்டுமாவது சிபி இல்லாமல் கட்டுங்கள்.

கொடுவா பைத்தியம்

சரி, பிரித்துவிடுகிறேன். எப்படிப் பிரிப்பது? பிளேடு வைக்கவே பயமாக இருக்கிறது.

ஆற்றங்கரை

பயம் நல்லதுதான். ஹேர் டிரையரால் சூடு காட்டினால் எபாக்சி இளகும். கைடின் கால் மேல், உலோகம் அடியில் இருக்கிற இடத்தில் மட்டும் பிளேடால் நீளவாக்கில் கீறுங்கள். கால் தாண்டிப் பிளாங்க் பக்கம் பிளேடு போகவே கூடாது. கிராஃபைட்டில் ஒரு சின்னக் கீறல் போதும், பெரிய மீன் இழுக்கும் அன்று சரியாக அதே இடத்தில் ஒடியும். கீறியபின் நூலை நகத்தால் உரித்துவிடலாம். ஒட்டியிருக்கும் மிச்சத்தை இன்னும் கொஞ்சம் சூடு காட்டிப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள். கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஒரு துடைப்பு. உடைந்த ராட் துண்டு ஏதாவது வைத்திருந்தால் அதில் முதலில் ஒத்திகை பாருங்கள்.

கொடுவா பைத்தியம் (பன்னிரண்டு நாள் கழித்து)

பிரித்துக் கட்டிவிட்டேன். முதலில் உடைந்த டெலஸ்கோப்பிக் ராடின் துண்டில் நாலு சுற்று போட்டேன். ஒன்று சிபி இல்லாமல், ஒன்று ஒரு பூச்சு, ஒன்று இரண்டு, ஒன்று மூன்று. வரிசையாக வைத்தால் பாசியிலிருந்து மஞ்சளுக்குப் படி ஏறுகிற மாதிரி இருக்கிறது. இரண்டு பூச்சிலும் ஓரத்தில் ஊசிமுனை அளவு கறை. மூன்றாவதில் இல்லை. அதே சிபி பாட்டில்தான், சரக்கில் குறையில்லை.

ராடில் மூன்று பூச்சு, ஒன்றரை நாள் ஃபேன். ஆறு கைடு பளிச்சென்று மஞ்சளாக நிற்கின்றன. சந்தின் வாயில் வைத்த சொட்டு உள்ளே ஓடுவதைக் கண்ணால் பார்த்தேன் அக்கா.

ஜொகூர் பாரு

ஆறுதானா? ஏழாவது?

கொடுவா பைத்தியம்

ரீல் பக்கத்துக் கைடுதான் அண்ணே. நீங்கள் சொன்னபடி சிபி இல்லாமல், முழுக்கக் கறுப்பு நூலில் சுற்றிவிட்டேன். கேட்கிறவர்களிடம் டிசைன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.