மறுமொழி: 'மவுண்டட் பேரிங்' – கூடமர்தாங்கி எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சுழலும் தண்டைத் தாங்கும் பாகமான பேரிங்கில் 'மவுண்டட் பேரிங்' என்ற வகைக்கு இங்கே முன்வைக்கப்பட்ட "ஏற்றப்பட்ட தாங்கி" என்ற சொல் எனக்கு நெருடுகிறது. தாங்கி என்றாலே அதன்மேல் சுமை ஏறியிருக்கும். படிப்பவர் 'பாரம் ஏற்றிய தாங்கி' என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இந்தப் பேரிங் தனியாக வராமல் கூட்டுக்குள் (ஹவுசிங்) உட்கார்ந்தே வருகிறது. அதுதான் இதன் சிறப்பு. தாங்கி உட்கார இயந்திரத்தில் தனியாக இருக்கை கடைய வேண்டியதில்லை. கூட்டை இயந்திரச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கி, தண்டைச் செருகி, உள்வளையத்துத் திருகை இறுக்கினால் வேலை முடிந்தது. "கூட்டுத்தாங்கி" என்று முதலில் எழுதிப் பார்த்தேன். பல தாங்கிகளைச் சேர்த்தது போல ஒலித்தது. "கூண்டு" என்பதோ குண்டுகளை இடைவெளி விட்டு நிறுத்தும் பாகத்துக்கு வேண்டும். ஆகவே கூடமர்தாங்கி.

'அமர்' இங்கே நன்றாகவே பொருந்துகிறது. வெளிவளையத்தின் புறம் பந்து போல வளைந்திருக்கும், கூட்டின் உட்புறம் அதற்கேற்பக் குழிந்திருக்கும். சட்டம் சற்றுக் கோணினாலும் தாங்கி ஓரிரு பாகை திரும்பித் தண்டுக்கு ஒத்தாற்போல அமர்ந்துகொள்ளும்.

சரி, வகைகள். 'பில்லோ பிளாக்' பீடத்தாங்கி ஆகலாம். தளத்தின்மேல் தண்டைக் கிடையாகப் பிடிப்பது. 'தலையணைக் கட்டை' வேண்டவே வேண்டாம். பெரிய தண்டுகளுக்கான 'பிளம்மர் பிளாக்'கில் கூடு பெரும்பாலும் இரண்டு பாதியாக இருக்கும். மேல்பாதியைக் கழற்றினால் தண்டைத் தாங்கியோடு தூக்கிவிடலாம். அது இருபாதிப் பீடத்தாங்கி.

கன்வேயர் பெல்ட் தொய்ந்தால் உருளையைப் பின்னுக்கு நகர்த்த உதவும் 'டேக்-அப்' வகையை நகர்தாங்கி எனலாம். நீண்ட திருகுக் கடத்தியின் (ஸ்க்ரூ கன்வேயர்) நடுவே மேலிருந்து தொங்குவது தொங்குதாங்கி.

'ஃபிளாஞ்ச்' வகைதான் இடிக்கிறது. "விளிம்புத்தாங்கி" என்றால் தராசில் கத்திமுனைபோல் இருக்கும் தாங்கி நினைவுக்கு வருகிறது. இங்கே கூடு இயந்திரத்தின் பக்கச்சுவரில் ஒட்டி நிற்க, தண்டு சுவருக்குச் செங்குத்தாகப் போகிறது. அதனால் சுவர்த்தாங்கி என்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் வந்தால் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பேன்.

அப்புறம், தாங்கிகளின் வகையையும் அளவையும் காட்டும் குறியீடுகளை மொழிபெயர்க்க வேண்டாம். பீடத்தாங்கி ஒன்றின் குறியீடு யுசிபி 205 (UCP 205) என்றால் கடைசி இரண்டு இலக்கமான 05-ஐ 5-ஆல் பெருக்கத் தண்டு நுழையும் துளையின் விட்டம் 25 மி.மீ. என்று வந்துவிடும். மாற்றுத் தாங்கி தேடுபவருக்கு அந்த எண்தான் துணை.