ஏர் ரைஃபிள் ஸ்கோப்: கடைசி வரைக்கும் திருகியும் குண்டு கீழயே படுது

தோப்புக்காரன்:
வணக்கம்ங்க. நமக்கு பொள்ளாச்சி பக்கம். தோப்புல அட்டை வெச்சு சுட்டுப் பழகலாம்னு ஒரு .177 ஏர் ரைஃபிள் வாங்குனேன், ஸ்ப்ரிங் மாடல், பேரலை மடக்கி லோடு பண்றதுங்க. ரெண்டு மாசம் அதுல வந்த ஓப்பன் சைட்லயே (கண்ணாடி இல்லாத சாதா குறி) சுட்டேன், 20 கெஜத்துல அஞ்சு குண்டும் டீ கிளாஸ் வாய் அளவுக்குள்ள விழுந்துட்டு இருந்துச்சு. சும்மா இருக்காம 3-9×40 ஸ்கோப் (3 மடங்குல இருந்து 9 மடங்கு வரைக்கும் பெருசாக் காட்டற குறிக்கண்ணாடி) ஒண்ணு வாங்கி நானே மாட்டுனேன், அங்க ஆரம்பிச்சுது ஏழரை.

மொத நாள் 3 இன்ச் கீழ பட்டுது. மேல இருக்கற திருகுல ஒரு கிளிக்குக்கு 1/4 இன்ச்னு போட்டிருக்கு, செரி 12 கிளிக் வெச்சா முடிஞ்சுதுன்னு வெச்சேன், பெருசா ஒண்ணும் ஆகல. அப்பறம் கோவத்துல கடைசி வரைக்கும் திருகிட்டேன், இப்ப அதுக்கு மேல திரும்பவே மாட்டேங்குது, இன்னும் ஒரு இன்ச் கீழதான், அதும் ஒரு குண்டு இடது போகுது அடுத்தது வலது போகுது. ஸ்கோப்பும் மாட்டுன இடத்துல இருந்து ரெண்டு நூல் பின்னாடி வந்த மாதிரி தெரியுது. 9-ல வெச்சா அட்டை மங்கலா வேற இருக்கு. ஸ்கோப் டூப்ளிகேட்டா இல்ல நான் மாட்டுனது தப்பாங்க?

வைகைக்கரை:
அண்ணே டீ கிளாஸ் அளவுக்கு சுட்டுக்கிட்டு இருந்த ஆளுக்கு எதுக்கு இந்த வேல 😄 ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள்லயே ஸ்கோப் கிடையாது, சின்ன ஓட்டை வழியா பாக்குற பீப் சைட்தான், 2008-ல பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் அடிச்சது அதுலதான். சரி அத விடுங்க, ஸ்கோப்பைப் பிடிச்சிருக்கற ரிங் ஸ்க்ரூ எல்லாத்தயும் ஒருக்கா இறுக்கிப் பாத்தீகளா? எனக்கும் இப்படித்தான் ஆச்சு, பாத்தா ஒரு ஸ்க்ரூ கையிலயே கழண்டு வந்துருச்சு.

பழைய என்சிசி:
ஸ்கோப்பைத் திட்டாதீங்க. நீங்க சொன்னதுல மூணு நாலு விஷயம் ஒண்ணா கலந்து கிடக்கு.

கிளிக் கணக்கு மொதல்ல. அந்த 1/4 இன்ச் 100 கெஜத்துக்குப் போட்ட கணக்கு. 20 கெஜத்துல அதுல அஞ்சுல ஒரு பங்கு, அதாவது ஒரு இன்ச் ஏத்த 20 கிளிக் வேணும், 10 கெஜம்னா 40. நீங்க வெச்ச 12 கிளிக் அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல ஏத்திருக்கும், அது உங்க கண்ணுக்கே தெரிஞ்சிருக்காது. 3 இன்ச்சுக்கு 60 கிளிக்.

கடைசி வரை திருகியும் ஏறலன்னா காரணம் பேரல். மடக்குற பேரல்ல நிறைய துப்பாக்கி மூக்கு கொஞ்சம் கீழ தொங்குன மாதிரிதான் பூட்டும். ஓப்பன் சைட்ல அது தெரியாது, ஏன்னா முன் சைட் அந்த பேரல் மேலயே உக்காந்திருக்கு, ஆனா ஸ்கோப் உக்கார்ற ரயில் பின்னாடி பாடில இருக்கு, அதுக்கும் பேரலுக்கும் கோணம் வேற. இடது வலதா சிதறுறதும் இதனாலதான்னு நினைக்கிறேன். ஸ்கோப்புக்கு உள்ள இருக்கற சின்னக் குழாயை ஒரு ஸ்ப்ரிங் எதிர்ப்பக்கம் இருந்து தள்ளிப் பிடிச்சிருக்கும், திருகு ஒரு ஓரத்துக்குப் போயிட்டா அந்த ஸ்ப்ரிங்குக்கு பிடிமானம் போயிடும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் குறி தானா ஆடும்.

அதனால திருகை ஒரு முனைல இருந்து மறு முனை வரைக்கும் எண்ணுங்க, பாதிக்குத் திரும்பி வாங்க. அப்பறம் பின் ரிங்குல, கீழ்ப் பாதிக்கும் ஸ்கோப்புக்கும் நடுவுல, கூல்டிரிங்க்ஸ் கேன்ல வெட்டுன தகடு ஒண்ணு வையுங்க. கேன் தகடு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், ரெண்டு ரிங்குக்கும் இடைல 4 இன்ச் இருந்தா ஒரு தகடு 20 கெஜத்துல முக்கால் இன்ச் கிட்ட ஏத்தும். ரெண்டுக்கு மேல போகாதீங்க, குழாய் வளைஞ்சுடும். பத்தலன்னா இந்தச் சாய்வுக்குன்னே மவுண்ட் (ஸ்கோப்பை ரயில்ல பூட்டுற ரிங் செட்) விக்கிறாங்க, அதை வாங்கிடுங்க.

மங்கல் பெரிய விஷயமில்ல. பக்கத்து தூரத்துக்கு ஃபோகஸ் திருப்புற வளையம் உங்க ஸ்கோப்புல இருக்காது, அந்த மாதிரி ஸ்கோப் பெரும்பாலும் 100 கெஜத்துக்கு செட் பண்ணி வருது. 4-ல வெச்சு சுடுங்க. கன்னத்தை ஸ்டாக்ல (பின்னாடி தோள்ல வைக்கிற கட்டை) ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல வையுங்க, கண் கொஞ்சம் தள்ளுனாலும் குறி நகரும்.

மேஸ்திரி மகன்:
அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா ஸ்கோப் பின்னாடி நகர்றதை விட்டுட்டார், தகடு வெச்சாலும் அது நகர்ந்துக்கிட்டே இருந்தா என்ன பண்ணுவீங்க. ஸ்ப்ரிங் கன் ரெண்டு தடவை உதைக்கும். பிஸ்டன் முன்னாடி பாயும்போது துப்பாக்கி பின்னாடி வரும், பிஸ்டன் போய் முட்டுனதும் துப்பாக்கி வெடுக்குனு முன்னாடி போகும். ஸ்கோப் அதோட சேர்ந்து போகாம பின்தங்கிடும், அதான் உங்க ரெண்டு நூல். பெரிய ரைஃபிளுக்குன்னு செஞ்ச ஸ்கோப் பின் உதைக்கு மட்டும் தாங்குற மாதிரி இருக்கும், இந்த முன் உதைல உள்ள கண்ணாடி கழண்டுபோன கதை எல்லாம் உண்டு. மவுண்ட் அடில ஆணி மாதிரி ஒரு சின்ன முளை இருக்கும், ரயில்ல ஒரு குழி இருக்கும், அந்த முளை குழிக்குள்ள உக்காரணும். குழி இல்லன்னா பின் ரிங்குக்குப் பின்னாடி ஒரு ஸ்டாப்பர் போடுங்க. முன்னாடி போட்டு பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு, குறுக்குக்கோடு நேரா நிக்குதான்னு எப்படிப் பாத்தீங்க? வீட்ல தூக்குக்குண்டு இருந்தா சுவத்துல தொங்கவிடுங்க, துப்பாக்கி மேல ரசமட்டம் வெச்சு சமமாக்கிட்டு, நெட்டுக்கோடு நூலோட சேர்ற வரைக்கும் ஸ்கோப்பைத் திருப்பி அப்பறம் ரிங்கை இறுக்குங்க. எங்கப்பா கொத்தனாரு, அந்தக் குண்டுக்கு இப்படியும் ஒரு வேல இருக்குன்னு அவருக்கே நான்தான் சொன்னேன். ஸ்க்ரூவை மாத்தி மாத்தி, ரெண்டு பக்க இடைவெளியும் ஒரே அளவா வர்ற மாதிரி இறுக்கணும், ஆலன் கீயோட சின்னக் கையைப் பிடிச்சு திருகுனா போதும். முழு பலத்தையும் காட்டுனா குழாய் நசுங்கிரும். சுடும்போது முன்கட்டை உள்ளங்கைல சும்மா கிடக்கணும், மணல் மூட்டை மேல நேரா வெச்சா குண்டு வேற எங்கயோ போகும்.

செவ்விளநீர்:
குரங்கு தொல்லை தாங்கல, இத வெச்சு ஓட்டலாமா?

பழைய என்சிசி:
வேண்டாம். 1972 வன உயிரினச் சட்டத்துல மாட்டுவீங்க. குரங்கு, மயில், எதையும் சுடக்கூடாது. இங்க அட்டையோட நிறுத்திக்குவோம்.

தோப்புக்காரன்:
ஒரு வாரம் ஆச்சுங்க, நேத்துதான் நேரம் கிடைச்சுது. வைகைக்கரை அண்ணன் சொன்னது பலிச்சுடுச்சு, முன் ரிங்குல ரெண்டு ஸ்க்ரூ லூசு 😅 அந்த முளை குழிக்குள்ளயே இல்ல, ரயில் மேல சும்மா உக்காந்திருக்கு, நான் அப்படி ஒண்ணு இருக்கறதயே பாக்கல. ரெண்டு தகடு வெச்சு, நடுவுல இருந்து 30 கிளிக் சொச்சம் ஏத்துனேன், மையத்துக்கு வந்துடுச்சு. 4-ல வெச்சு அஞ்சு குண்டு, பழைய பெரிய அஞ்சு ரூபா காசை வெச்சு மூடிடலாம்ங்க. அம்பது குண்டு போட்டும் நகரல, ரயில்ல பென்சில் கோடு போட்டு வெச்சிருக்கேன்.

ஆனா ஒண்ணு, 10 கெஜத்துல வெச்சு சுட்டா அரை இன்ச் கீழ படுது. மறுபடி கெட்டுப்போச்சா? 10 கிளிக் ஏத்தட்டுமா?

பழைய என்சிசி:
தொடாதீங்க!! அது சரியாத்தான் இருக்கு. ஸ்கோப்போட நடு பேரலுக்கு மேல ஒண்ணரை, ஒண்ணேமுக்கால் இன்ச் உயரத்துல இருக்கு, குண்டு கீழ இருந்து ஏறி வந்து 20-ல தான் உங்க குறியோட சேருது. கிட்டக்க சுட்டா அது இன்னும் ஏறி முடிச்சிருக்காது. 10-ல அரை இன்ச் மேல பிடிச்சு சுடுங்க. அப்படியே 5, 15, 25, 30-லயும் சுட்டுப் பாத்து எங்க படுதுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி ஸ்டாக்ல ஒட்டிக்குங்க. பெல்லட் (குண்டு) பிராண்ட் மாத்துனா மட்டும் திரும்ப முதல்ல இருந்து.

தோப்புக்காரன்:
அய்யோ, நேத்துதான் வேற டப்பா ரெண்டு வாங்கிட்டு வந்தேன்ங்க.