மினெஸ்ட்ரோனே: சூப் நீர்த்திருக்கு, ராஜ்மா வேகலை, பாஸ்தா களியாகுது

வெந்தயக்கீரை:
வணக்கம். இத்தாலியக் காய்கறி சூப் மினெஸ்ட்ரோனேக்கு நான் வச்சிருக்கிற அளவு (4 பேருக்கு): வெங்காயம் 1, கேரட் 2, உருளை 1, கோஸ், பீன்ஸ், சுக்கினி எல்லாம் சேர்த்து 600 கிராம், தக்காளி 4, இரவு ஊறவச்ச ராஜ்மா 1 கப், தண்ணீர் 2 லிட்டர். எல்லாத்தையும் ஒண்ணா போட்டு 45 நிமிஷம் கொதிக்கவிட்டு, கடைசியில 1 கப் மாக்கரோனி. காய் குழையுது, ராஜ்மா கடிபடுது, சாறு தண்ணியா நிக்குது. மறுநாள் எடுத்தா பாஸ்தா ஊதி களி மாதிரி இருக்கு. சோளமாவு கரைச்சு ஊத்தலாமா? செலரி இங்கே கிடைக்காது, அதுக்கு ஓமம் போடலாமா? வீட்ல சைவம்.

கல்சட்டி:
சோளமாவு வேண்டாம். அது வழவழப்பைத் தரும், ருசியைத் தராது. மினெஸ்ட்ரோனேயின் கெட்டித்தன்மை பருப்பு வகையிலிருந்தும் உருளையிலிருந்தும் வரணும்.

முதல் சிக்கல் ராஜ்மா வேகாதது. தக்காளியின் புளிப்புதான் காரணம். பயறின் தோலையும் செல்களையும் பிடிச்சு வச்சிருக்கிற பெக்டின், புளிப்பு நீரில் லேசில் கரையாது. உப்புக்கரிக்கிற கிணற்று நீர், போர் நீரில் உள்ள கால்சியமும் அதே வேலையைச் செய்யும். அதனால ராஜ்மாவைத் தனியா வேகவைங்க. 150 கிராம் காய்ந்த ராஜ்மாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 1 மேசைக்கரண்டி உப்பு போட்டு 10 முதல் 12 மணி நேரம் ஊறணும். உப்பு போட்டா வேகாதுன்னு சொல்வாங்க. ஊறும்போது போடுற உப்பு நேர்மாறா தோலை இளக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிட்டு, புதுத் தண்ணீரில், குடிதண்ணீரா இருந்தா நல்லது, குக்கரில் 4 விசில், பிறகு சிறு தீயில் 10 நிமிஷம். விரலால் அழுத்தினா மசியணும். இரண்டு வருஷம் டப்பாவில் கிடந்த ராஜ்மாவை எந்த முறையும் காப்பாத்தாது. வெந்த நீரைக் கொட்டாதீங்க, சூப்புக்கு அதுதான் சாறு.

இத்தாலியில் இதுக்கு போர்லோத்தி அல்லது கன்னெல்லினி பயறு. போர்லோத்திக்கு நெருக்கமானது புள்ளி போட்ட சித்ரா ராஜ்மா. சிவப்பு ராஜ்மா போட்டா சாறு கருஞ்சிவப்பாகும், ருசியில் குறையில்லை.

அடுத்தது சொஃப்ரித்தோ, அதாவது சூப்புக்கு அடித்தளமான வதக்கல். உங்க முறையில் இது இல்லவே இல்லை, சாறு வெறுமையா இருக்க இதுதான் காரணம். வெங்காயம் 150 கிராம், கேரட் 75, செலரி 75, மூணையும் கடலைப்பருப்பு அளவுக்குப் பொடியா நறுக்கி, 4 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில், ஒரு சிட்டிகை உப்போட, சிறு தீயில் 15 முதல் 20 நிமிஷம். சிவக்கக் கூடாது. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகி, எண்ணெய் பிரிஞ்சு ஓரத்தில் நிக்கணும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினா விளிம்பு கருகும், உள்ளே பச்சை வாசனை நிற்கும். பிறகு 2 பல் பூண்டு, தக்காளி விழுது 1 மேசைக்கரண்டி, 2 நிமிஷம் வதக்கல்.

ஓமம் வேண்டவே வேண்டாம். அதன் தைமால் வாசனை ஒரு சிட்டிகையிலேயே மொத்தப் பானையையும் பிடிச்சுக்கும். செலரி இல்லைன்னா பார்ஸ்லி தண்டு, அல்லது லீக்ஸின் வெள்ளைப் பகுதி. அதுவும் இல்லைன்னா வெங்காயத்தைக் கூட்டிட்டு விட்டுடுங்க.

இனி காய். உருளை 200 கிராம், கோஸ் 150 முதலில் போட்டு, ராஜ்மா வெந்த நீரும் தண்ணீரும் சேர்த்து காய்க்கு மேல ஒரு விரல்கடை நிக்கிற அளவு ஊத்துங்க. மொத்தம் 1.25 லிட்டருக்கு மேல தேவைப்படாது, 2 லிட்டர் ரொம்ப அதிகம். 20 நிமிஷம் கழிச்சு பீன்ஸ் 100 கிராம், பொடியா நறுக்கின 2 தக்காளி. இன்னொரு 10 நிமிஷத்தில் சுக்கினி 150, வெந்த ராஜ்மா. கீரை போடுறதா இருந்தா கடைசி 5 நிமிஷம். ராஜ்மாவில் மூணில் ஒரு பங்கையும் சில உருளைத் துண்டையும் மசிச்சுக் கலந்தா சாறு தானாகத் திரளும். தளதளன்னு கொதிக்க விடாம, மேலே ஒண்ணு ரெண்டு குமிழி வர்ற தீயிலேயே வைங்க.

காய் நிறம் மங்கும், மெத்துனு ஆகும். அது குறை இல்லை. நறுக்கு நறுக்குன்னு இருக்கணும்னா அது வேற சூப்.

நெய்விளக்கு:
அவ்வளவு எதுக்கு? எல்லாத்தையும் குக்கரில் போட்டு 3 விசில் விட்டா ஆகாதா?

கல்சட்டி:
ராஜ்மாவுக்கு மட்டும் ஆகும். உருளைக்கு வேண்டிய நேரம் வேற, சுக்கினிக்கு வேண்டிய நேரம் வேற. 3 விசிலில் சுக்கினி கரைஞ்சே போயிடும், கோஸ் கந்தக நாற்றம் விடும். நேரம் குறையணும்னா ராஜ்மா குக்கரில் வேகும்போதே பக்கத்து அடுப்பில் சொஃப்ரித்தோவை ஆரம்பிங்க.

மெதுவாக வேகும் மின்பானை வச்சிருக்கிறவங்க கவனிக்க: ஊறின ராஜ்மாவை நேரா அதில் போடக் கூடாது. ராஜ்மாவில் லெக்டின் நச்சு உண்டு, குறைந்த சூட்டில் அது அழியாது, வாந்தி வயிற்றுப்போக்கு வரும். முதலில் அடுப்பில் 30 நிமிஷம் நல்லா கொதிக்க வச்ச பிறகுதான்.

மணத்தக்காளி:
சைவம்னு சொன்னதால் சீஸ் பற்றி. இத்தாலியர்கள் பார்மெசானின் காய்ந்த ஓரத்தை 5 செ.மீ. துண்டாகச் சூப்பில் போட்டு வேகவிடுவார்கள், சாற்றுக்கு ஆழம் கொடுப்பது அதுதான். ஆனால் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் வருவது கன்றின் இரைப்பை ரென்னட்டால்தான் உறைய வைக்கப்படுகிறது, விதியே அப்படி. சைவர்கள் நுண்ணுயிர் ரென்னட் என்று உறையில் குறிப்பிட்ட கெட்டி சீஸைத் தேடி வாங்க வேண்டும். சீஸே வேண்டாம் என்றால் 10 கிராம் காய்ந்த காளானை 200 மி.லி. வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, அந்த நீரை மண் படியவிட்டு வடித்து ஊற்றுங்கள். எதைச் சேர்த்தாலும் உப்பைக் கடைசியில் சரிபாருங்கள். சீஸ் ஓரமே நிறைய உப்பை விடும்.

ஜெனோவா நகரத்து முறையில் பரிமாறும்போது ஒரு கரண்டி பெஸ்தோ (பேசில் இலை அரைத்த விழுது) கலப்பார்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் கலக்க வேண்டும், கொதிக்கும் சூப்பில் பேசில் கறுத்து மணம் போய்விடும். துளசி இதற்கு ஒத்துவராது. திருநீற்றுப்பச்சிலை பேசிலின் அதே இனம்தான் என்றாலும் ரகத்துக்கு ரகம் வாசனை மாறும், ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துப் போடுங்கள்.

வெந்தயக்கீரை:
நன்றி. பாஸ்தா விஷயம்? அரிசி போட்டாலும் இப்படித்தான் ஊதுமா?

கல்சட்டி:
ரெண்டுமே மாவுச்சத்து, சாறு சூடா இருக்கும்வரை குடிச்சுக்கிட்டே இருக்கும், ஆறின பிறகும் நிறுத்தாது. பாஸ்தாவைத் தனியா உப்புநீரில், உறையில் போட்ட நேரத்துக்கு 2 நிமிஷம் முன்னாடி வடிச்சு, கொஞ்சம் எண்ணெய் புரட்டி வச்சுக்கோங்க. ஆளுக்கு 20 கிராம் போதும், கிண்ணத்தில் போட்டு மேலே சூப் ஊத்துங்க. தித்தலினி மாதிரி குட்டி வடிவம்தான் கரண்டிக்கு வசதி.

மிலான் முறையில் பாஸ்தாவுக்குப் பதில் அரிசிதான். அன்னிக்கே காலி பண்றதா இருந்தா 4 பேருக்கு 80 கிராம் குண்டு அரிசியைக் கடைசி 18 நிமிஷம் சூப்பிலேயே வேகவிடலாம். மிச்சம் வைக்கிறதா இருந்தா அரிசி போடுறதுக்கு முன்னாடியே பாதியை எடுத்து, அகலமான பாத்திரத்தில் ஆறவிட்டு 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைங்க. 3 நாள் தாங்கும். ஃப்ரீசர்ல வைக்கிற பங்கில் உருளையும் வேண்டாம், உருகும்போது தண்ணி விட்டு மணல் மணலா ஆயிடும்.