ஆச்சி "வைகாசி" என்றார், நான் வி4 போட்டேன். சரியா?

கேள்வி: தாதிய மாணவி, இரண்டாம் வருடம், மட்டக்களப்பு

ஜூன் 6ஆம் திகதி வார்ட்டில் ஒரு ஆச்சியைப் பார்க்கத் தந்தார்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கம், கிணற்றடியில் வழுக்கிப் பின்தலையில் அடி. தனியாக ஜீசிஎஸ் (கண் திறப்புக்கு ஈ, பேச்சுக்கு வி, அசைவுக்கு எம் என்று புள்ளி போட்டு நினைவைப் பார்க்கிற அளவு, முழுப் புள்ளி 15) பார்த்தது அதுதான் முதல் தரம். நான் கிட்டப் போனதுமே கண்ணைத் திறந்தார், ஈ4. கையைத் தூக்கச் சொன்னேன், இரண்டையும் தூக்கினார், எம்6. "ஆச்சி, இது எந்த இடம்?" என்றேன். "எழுவான்கரை." "என்ன மாசம்?" "வைகாசி. அம்மாளுக்குக் குளுத்தி முடிஞ்சுதா மனே?"

பள்ளிக்கூடத்தில் வைகாசி என்றால் மே என்றுதான் படித்தோம். இடமும் பிழை, மாதமும் பிழை, குழப்பம் என்று வி4 போட்டு 14 எழுதினேன். அடுத்த ஷிஃப்ட் மிஸ் 15 எழுதியிருந்தார். எது சரி? அப்புறம், மூளையின் பகுதிகளைப் படத்தில் பார்த்தால் விளங்குகிறது, நோயாளிக்கு முன்னால் நின்றால் மறந்துபோகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: சத்திரசிகிச்சை வார்ட்டில் 22 வருடம் இருந்த தாதி

தங்கச்சி, ஆச்சிக்கு வி5, குழப்பமில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வாழ்ந்தவருக்கு, வாவியைக் கடந்து கிழக்கே வந்தால் எல்லாம் எழுவான்கரைதான். "எழுவான்கரையில எங்க?" என்று இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். வைகாசியும் பிழையில்லை. பஞ்சாங்கப்படி ஜூன் நடுப்பகுதி வரை வைகாசி. கண்ணகி அம்மன் கோயில்களில் குளுத்திச் சடங்கு நடக்கிற காலம் இது என்று நினைவு வைத்திருப்பவரைக் குழம்பியிருக்கிறார் என்று எப்படி எழுதுவது?

ஒரு புள்ளிதானே என்று விடாதீர்கள். இராத்திரி ஆச்சிக்கு உண்மையாகவே குழப்பம் வந்து 14க்கு இறங்கினால், உங்கள் தாளில் 14, 14 என்று ஒரே மாதிரித்தான் இருக்கும். யாரும் டொக்டரைக் கூப்பிட மாட்டார்கள். 15 எப்போது 14 ஆனது என்பதைப் பிடிக்கத்தான் மணிக்கு மணி பார்க்கிறோம். அதனால் மொத்தத்தை மட்டும் எழுதாமல் ஈ4 வி5 எம்6 என்று பிரித்து எழுதுங்கள். ஆச்சி சொன்ன சொல்லையும் அப்படியே பக்கத்தில் எழுதுங்கள்.

மூளையை நான் அந்த மூன்று எழுத்திலேயே வைத்துப் படித்தேன். கண் தானாகத் திறந்தால் மூளைத்தண்டிலிருந்து மேலே போகிற விழிப்புப் பாதை வேலை செய்கிறது. பேச்சு அநேகருக்கு இடது பக்கம். அங்கே ஃபிரன்டல் லோப்பில் (நெற்றிப் பக்கம்) அடிபட்டால் விளங்கும், ஆனால் சொல் வராது. டெம்பரல் லோப்பின் (காதுப் பக்கம்) பின்பக்கம் அடிபட்டால் சொல் கொட்டும், பொருள் இருக்காது. இதைக் குழப்பம் என்று எண்ணிவிடக்கூடாது, பேனையைக் காட்டிப் பெயர் கேட்டுப் பாருங்கள். கைகால் அசைவுக்கான நரம்புகள் மூளைத்தண்டின் அடியில், மெடுல்லாவில், பக்கம் மாறுவதால் வலது கை விழுந்தால் இடது மூளையை நினையுங்கள்.

கண்ணில் ரோச் அடித்துக் கண்மணி பார்க்க மறக்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் விழுந்த ஒரு தம்பி பிளேன்டீ கேட்டுப் பேசிக்கொண்டிருந்தான். இடது நெற்றிப்பொட்டில் சின்ன வீக்கம். ஒரு மணித்தியாலத்தில் கூப்பிட்டால் முனகல்தான் வந்தது. இடது கண்மணி 3 மில்லிமீற்றரிலிருந்து 6 ஆகிவிட்டது, வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. நாடித்துடிப்பு 54க்கு இறங்க, பிரஷர் ஏறியது. பொட்டெலும்பு மெல்லியது, அதன் உட்புறத்தை ஒட்டி ஓடுகிற நாடி கிழிந்து இரத்தம் கட்டியிருந்தது. அது மூளையைத் தள்ள, மூன்றாம் நரம்பு நசிந்ததால்தான் கண்மணி விரிந்தது. உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள், பிழைத்தான்.

பதில் 2: அம்பாறை மாவட்டத்தில் வேலை செய்யும் தாதி

மிஸ் சொன்னதோடு ஒன்று. இங்கே சிங்களம் மட்டும் தெரிந்தவர்களும் வருவார்கள். நான் தமிழில் கேட்க, அவர் முழிக்க, வி4 போட்டவன் நானும்தான். இப்போது மொழி தெரிந்த ஒருவரை வைத்துக் கேட்காமல் வி எழுதுவதில்லை. வயதானவர்களிடம் கற்றரக்ட் (கண்புரை) வெட்டியதா என்றும் கேளுங்கள். வெட்டிய கண்ணின் கண்மணி வட்டமாக இல்லாமலும் இருக்கலாம், சரியாகச் சுருங்காமலும் போகலாம்.

மாணவி:

நன்றி மிஸ், நன்றி அண்ணா. ஆச்சி மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டார். தொண்டையில் டியூப் இருந்தால் வி1 போடுவதா?

பதில் 1:

இல்லை தங்கச்சி. 1 என்றால் பேச வழி இருந்தும் சத்தமே வரவில்லை என்று அர்த்தம். டியூப் இருந்தால் "சோதிக்க முடியாது, டியூப்" என்று காரணத்தோடு எழுதுங்கள். மொத்தம் கூட்ட வேண்டாம், ஈயும் எம்மும் தனியாகப் போதும்.