ராம்நாடு கடற்கரைக்கு டூர் போனப்ப நீங்க நேர்ல பாத்த கடல் ஜீவன் எது? சொல்லுங்க மக்களே

மதுரைக்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். பொண்ணுக்கு பரீட்சை முடிஞ்ச கையோட ஏப்ரல் முதல் வாரம் மண்டபத்துல ரூம் போட்டு ரெண்டு நாள் தங்கினோம். முதல் நாள் சாயங்காலம் அரியமான் பீச். சவுக்குத் தோப்பு, அலையே இல்லாத கடல், நூறு அடி உள்ள போனாலும் இடுப்பளவு தண்ணி தான், அதனால பயமில்லாம விட்டுட்டோம். அவ குளிச்சத விட சங்கு சிப்பி பொறுக்குனது தான் ஜாஸ்தி, ஒரு துணிப்பை நெறைய அள்ளிட்டு வந்தா. ராத்திரி ஒரு மணி இருக்கும், ரூம்ல கரக் கரக்னு சத்தம். எலி தான்னு வீட்டுக்காரம்மா கட்டில் மேல ஏறி உக்காந்துட்டாங்க. லைட்ட போட்டுப் பாத்தா சத்தம் பைக்குள்ள இருந்து வருது! கொட்டுனா ஒரு சங்கு நடக்குது. அப்புறம் இன்னொன்னு. மொத்தம் நாலு. உள்ள நண்டு குடியிருந்துருக்கு, நாங்க பாட்டுக்கு வீட்டோட தூக்கிட்டு வந்துட்டோம்.

விடிஞ்சதும் அதே அரியமானுக்கு திரும்பப் போனோம். கரையில ஒரு பெரியவர் வலையில கிழிசல சரி பண்ணிட்டு இருந்தாரு, நாங்க பையோட முழிக்கிறத பாத்து "என்ன தம்பி, சங்கு நண்ட கொண்டு வந்து விடுறியளா"ன்னு சிரிச்சாரு. அவரு தான் சொன்னாரு, அந்த நண்டுக்கு பின் உடம்பு மெத்துனு இருக்கும், ஓடு கெடையாது, அதனால செத்துப்போன சங்கோட ஓட்டுக்குள்ள புகுந்துக்கும், பெருசானா அடுத்த சங்கு தேடணும். "காலி சங்குனு நீங்க அள்ளிட்டுப் போறது அதுக்கு வீடு பாப்பா"ன்னு என் பொண்ணுகிட்ட சொன்னாரு பாருங்க, அவ முகமே மாறிப்போச்சு. பையில இருந்த அத்தனையையும் மண்ணுல கவுத்துட்டா. அப்புறம் வீட்டுக்கு வந்து வீடியோ தேடிப் பாத்தோம், ஒரு பெரிய சங்கு காலியாச்சுனா இந்த நண்டுக சைஸ் வாரியா வரிசையில நின்னு ஒன்னு விட்டத இன்னொன்னு பிடிச்சுக்குதுக. மதுரையில வாடகை வீடு காலியாச்சுனா நடக்குற அதே கூத்து தான், அட்வான்ஸ் மட்டும் இல்ல.

அவரு இன்னொன்னும் சொல்லிக் குடுத்தாரு. தண்ணியில கால தூக்கித் தூக்கி வச்சு நடக்கக்கூடாதாம், மண்ணோட தேச்சுக்கிட்டே போகணுமாம். திருக்கை மண்ணுக்குள்ள பதுங்கி கெடக்கும், மிதிச்சா வால் முள்ளால அடிச்சிரும், காலு தேய்க்கிற அதிர்வு பட்டா அதுவே நகந்து போயிரும். இந்தப் பக்கம் பாக் நீரிணை பெண் கடல், தெக்க மன்னார் வளைகுடா ஆண் கடல்னு அந்தப் பக்கத்துல சொல்றாங்க. சாதுவான பெண் கடல்ல தான் திருக்கைக்கு கவனமா இருக்கணும்னு கண்ண சிமிட்டினாரு.

சரி, இப்ப உங்க கதைய சொல்லுங்க.

பரமக்குடிக்காரன்:
எனக்கு கடல் அட்டை. மண்டபம் பக்கம் முழங்கால் தண்ணியில கறுப்பா வெள்ளரிக்கா மாதிரி கெடந்துச்சு, என் மச்சினன் கையில எடுத்து போட்டோவுக்கு போஸ் குடுத்தான், அது தண்ணிய பீச்சி அடிச்சது தனி காமெடி. படகுக்காரர் அங்க இருந்தே கத்துறாரு "அண்ணே கீழ போடுங்க, கேஸாயிரும்"னு. 2001லயே எல்லா கடல் அட்டையையும் வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல புலி யானை இருக்குற அதே அட்டவணை ஒன்னுல சேத்துட்டாங்க. இலங்கையில லைசென்ஸ் வாங்கி பிடிக்கலாம், இங்க தொடவே கூடாது, அதான் கடத்தல் நியூஸ் அடிக்கடி வருது. அது பாட்டுக்கு மண்ண தின்னு அதுல உள்ள அழுக்க செரிச்சுட்டு சுத்தமான மண்ண வெளிய விடுற ஜீவன். மச்சினன் அந்த போட்டோவ அன்னைக்கே டெலிட் பண்ணிட்டான் பயத்துல.

கீழக்கரை பொண்ணு:
நான் அந்த ஊர்க்காரி தான், கல்யாணம் ஆகி சென்னையில இருக்கேன். நோன்பு தொறக்க கடல்பாசி (அகர் அகர்) காய்ச்சுறது எங்க வீட்ல வழக்கம், பாலு சீனி ஊத்தி தட்டுல ஆறவச்சு துண்டு போடுவோம். ஆனா அது எங்க இருந்து வருதுனு நான் பாத்ததே போன வருஷம் பிள்ளைகள பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துக்கு கூட்டிட்டுப் போனப்ப தான், வெக்கமா இருந்துச்சு. பொம்பளைங்க சேலைக்கு மேல ஆம்பள சட்டைய போட்டுக்கிட்டு, கண்ணாடி மாட்டி, காலுக்கு தகடு கட்டி, விரல்ல துணிய சுத்திக்கிட்டு முங்கி முங்கி பாசி எடுக்குறாங்க. ஒரு அக்கா கரையில காயப்போட்டத காட்டி சொன்னாங்க, இது மரிக்கொழுந்து, இது கஞ்சிப் பாசி, இந்த ரெண்டுல இருந்து தான் கடல்பாசி எடுக்குறது. இது கட்டக்கோரை, இது பக்கோடா பாசி. நெசமாவே பக்கோடா மாதிரி தான் இருக்கு! என் சின்னவன் வாயில வைக்கப் போயிட்டான். பாறையில கை கிழியும், சொறி (ஜெல்லி மீன்) கடிக்கும், ஆனாலும் வேற தொழில் தெரியாது கண்ணுனாங்க. வேர விட்டுட்டு மேல மட்டும் கிள்ளணும், இல்லனா அடுத்த தடவ வந்தா ஒன்னும் இருக்காதாம்.

சிவகங்கை சித்தப்பு:
சொறின்னதும் ஞாபகம் வந்துருச்சு. எனக்கு கெண்டைக்கால்ல சுத்துச்சு, சவுக்கால அடிச்ச மாதிரி கோடு கோடா. கூட வந்தவனுங்க ஆளாளுக்கு டாக்டர், ஒருத்தன் மண்ணப் போட்டு தேச்சான், ஒருத்தன் குடிக்கிற தண்ணிய ஊத்துனான், எரிச்சல் ரெண்டு மடங்கு ஆனது தான் மிச்சம். ஆஸ்பத்திரியில நர்ஸம்மா திட்டுச்சு. தோல்ல ஒட்டியிருக்குற விஷப் பை வெடிக்காம மிச்சம் கெடக்கும், தேய்ச்சாலும் நல்ல தண்ணி பட்டாலும் அதுவும் வெடிக்கும், கடல் தண்ணியாலயே அலசிட்டு அப்புறம் தாங்குற சூட்டுல வெந்நீர்ல காலை வைக்கணும்னு. மூச்சு வாங்குனாலோ மயக்கம் வந்தாலோ யோசிக்காம ஓடி வரணுமாம். இன்னொன்னு, கரையில செத்து ஒதுங்குனதும் கொட்டும், பிள்ளைங்க ஜெல்லி மாதிரி இருக்குதுன்னு குத்தி விளையாடும், பாத்துக்கங்க.

விருதுநகர் டீச்சர்:
தனுஷ்கோடியில ஆமைக்குஞ்சு விட்டத பாத்தோம், அதுவும் தற்செயலா. அரிச்சல்முனையில சூரிய உதயம் பாக்கணும்னு இருட்டுலயே கெளம்புனோம், வழியில வனத்துறை ஆளுங்க கூடையோட நின்னாங்க. பங்குனி ஆமைனு பேரு, ஆனா தை மாசியிலயே முட்டையிட வந்துருமாம். ஒரு குழியில நூறு முட்டை கிட்ட இருக்கும், நாய் தோண்டிரும்னு விடியக்காலையில எடுத்து வேலி போட்ட இடத்துல திரும்பப் புதைக்கிறாங்க, அம்பது நாள் கிட்ட ஆகும் பொரிக்க. மண்ணு சூடு கூடுனா பொட்டை, கொறைஞ்சா ஆண். இத நான் பாடத்துல நடத்தியிருக்கேன், ஆனா உள்ளங்கை கூட நெறையாத அந்தக் குஞ்சு மண்ணுல நீந்துற மாதிரி துடுப்ப போட்டுக்கிட்டு போறத பாத்தப்ப தான் நடத்துனதே புரிஞ்சுச்சு. தண்ணியில நேரா விடாம பத்தடி தள்ளி விட்டாங்க, ஏன்னு கேட்டா அது நடந்தே போகட்டும்னாங்க. ஒருத்தர் போன் டார்ச்ச அடிச்சாரு பாருங்க, நாலஞ்சு குஞ்சு அப்படியே யூ டர்ன் அடிச்சு அவரு செருப்ப பாத்து வருது! கடல் பக்க வெளிச்சத்த பாத்து போற ஜீவன், வெளிச்சம் எங்கயோ அங்க தான் கடல்னு நெனைச்சுக்கும். காவலர் ஒரு சத்தம் போட்டாரு, டார்ச் அணைஞ்சுச்சு, குஞ்செல்லாம் திரும்பிருச்சு.

தொண்டிக்காரன்:
ஆவுளியா பத்தி யாரும் சொல்லலையே. கடல் பசுனு பேப்பர்ல போடுறது. சின்ன வயசுல அப்பா கூட வள்ளத்துல போறப்ப ஒரே ஒரு தடவ பாத்தேன், அதுவும் மூக்கு மட்டும். மூச்சு விட மேல வந்துச்சு, புஸ்ஸுனு ஒரு சத்தம், போயிருச்சு. கடல் புல்லு மட்டும் மேயுற ஜீவன், பல வருஷத்துக்கு ஒரு குட்டி தான் போடும், அதான் கொறைஞ்சு போச்சு. தாத்தா காலத்துல கறி சாப்புட்டுருக்காங்க, மறைக்கிறதுக்கு ஒன்னும் இல்ல. இப்ப வலையில மாட்டுனா வலைய அறுத்து விடுறாங்க, வனத்துறை அதுக்கு பரிசும் குடுக்குது. 2022ல இதுக்குன்னே 448 சதுர கிலோமீட்டர் கடல காப்பகமா அறிவிச்சாங்க, அது எங்க ஊருக்கு வடக்க, புதுக்கோட்டை தஞ்சாவூர் பக்கம். டூர் வர்றவங்க அத பாக்கலாம்னு நெனைச்சு வராதீங்க, எங்களுக்கே கண்ணுல படாது. காரங்காடு போங்க, அலையாத்தி காட்டுக்குள்ள படகு விடுறாங்க, பறவையாவது நிச்சயம்.

மதுரைக்காரன்:
டீச்சர், அடுத்த வருஷம் அந்த ஆமைக்காகவே வர்றோம். இங்க ஒரு புதுப் பிரச்சன. எங்கப்பா ராமேஸ்வரத்துல வாங்குன பெரிய சங்கு ஒன்னு இருவது வருஷமா ஷோகேஸ்ல இருக்கு. அதையும் கொண்டு போயி நண்டுக்கு குடுக்கணும்னு பொண்ணு ஒத்தக் கால்ல நிக்கிறா. வார்னிஷ் அடிச்ச வீட்டுல நண்டு குடி வராதுடின்னு சொல்லி சமாளிச்சுட்டு இருக்கேன்.